மூக்கை உயர்த்தினால் போதுமா? மலைப்பாதை ஜீப்பின் காற்றுவழியைத் தண்ணீர், சேற்றிலிருந்து காக்க முழுமையான வழிகாட்டி

சுண்டுவிரல் நுனிகூட முழுதாக நுழையாத ஓர் ஓட்டை வழியாகத்தான் என் ஜீப்பின் இன்ஜினுக்குள் தண்ணீர் போனது.

சூரியநெல்லிக்குக் கீழே எஸ்டேட் ஓடை ஒன்றைக் கடக்கும்போது நடந்தது. ஆனி மாதம், ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. தண்ணீர் என் தொடையில் பாதி வரை இருந்தது. எனக்குப் பயமே இல்லை. இரண்டு மாதம் முன்னால்தான் ஒரு நகரத்துக் கடையில் ஸ்னார்க்கல் மாட்டியிருந்தேன்; இன்ஜின் காற்றை மேலிருந்து இழுக்கக் கூரை உயரத்துக்குக் கறுப்புக் குழாய், பார்க்கவே மிடுக்காக இருக்கும். ஓடையின் நடுவில் இன்ஜின் ஒருமுறை இருமி நின்றது. பதற்றத்தில் செல்ஃப் அடித்தேன். "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அதற்கப்புறம் எதுவும் அசையவில்லை.

போடிமெட்டு வழியாக வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போடிக்கு இறங்கினோம். அங்கே ஒரு வயதான மெக்கானிக், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திறந்தார். செம்மண் கலங்கல் தண்ணீர் கால் லிட்டராவது தரையில் கொட்டியது. பெட்டியைத் திருப்பி அடியைக் காட்டினார். கம்பெனியே விட்டிருந்த வடிகால் ஓட்டை திறந்தே கிடந்தது. "மூக்கைத் தூக்கி வச்சுட்டாங்க தம்பி, காதை அடைக்க மறந்துட்டாங்க" என்றார். பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு ஒன்று வளைந்திருந்தது.

அன்றிலிருந்து ஸ்னார்க்கல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த ஓட்டைதான் நினைவுக்கு வரும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காதுகளைப் பற்றித்தான். கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் பழைய மஹிந்திரா மேஜர், கமாண்டர் ஆனாலும் சரி, வட்டவடைக்குக் காய் ஏற்றப் போகும் கேம்பர் ஆனாலும் சரி, வார விடுமுறைக்கு நெல்லியாம்பதி ஏறும் தார் ஆனாலும் சரி, வேலை ஒன்றுதான்.

முதலில் ஒரு கணக்கு

டீசல் இன்ஜின் எவ்வளவு தண்ணீர் தாங்கும்? இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 625 மி.லி. வருகிறது. அமுக்க விகிதம் 18-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 37 மி.லி. டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பாதிகூட வராது. காற்று அந்த இடத்துக்குள் அமுங்கிக்கொள்ளும், தண்ணீர் அமுங்காது. 40 மி.லி. தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டனுக்கு மேலே போக வழியில்லை. பின்னால் ஃப்ளைவீலும் வண்டியின் எடையும் தள்ளுகின்றன. எது பலவீனமோ அது வளையும். பெரும்பாலும் கனெக்டிங் ராடு. இதைத்தான் மெக்கானிக்குகள் வாட்டர் லாக் என்கிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் அந்த இடம் கொஞ்சம் கூடுதல், அதனால் சில நேரம் தப்பும். நம்பி இறங்கலாம் என்று அர்த்தமில்லை.

இன்னொரு பக்கம், அதே இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது ஏறக்குறைய 2500 லிட்டர் காற்றை இழுக்கிறது. வீட்டு மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர்த் தொட்டி இரண்டரை, ஒரே நிமிடத்தில். ஆகவே காற்றுவழியில் விரிசல் இருந்தால் தண்ணீர் சொட்டு சொட்டாகக் கசியும் என்று நினைக்காதீர்கள். உறிஞ்சி எடுக்கும்.

படி 1: வண்டி எங்கே மூச்சு விடுகிறது என்று பாருங்கள்

பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வெளிப்பக்கமாகப் போகும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். சில வண்டிகளில் அது கிரில்லுக்கு மேலே முடியும், சிலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பின்னால், சிலவற்றில் மட்கார்டின் உட்குடைவில். பழைய ஜீப்புகளில் இன்ஜின் பக்கத்திலேயே ஆயில் கிண்ணத்தோடு ஏர் கிளீனர் உட்கார்ந்திருக்கும்.

டேப் எடுத்துத் தரையிலிருந்து அளவு எடுங்கள். இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, காற்று நுழையும் வாய். மற்றது, ஃபில்டர் பெட்டியின் அடிப்பாகம். இந்த இரண்டாவதைப் பெரும்பாலோர் எடுப்பதே இல்லை. வாய் 95 செ.மீ. உயரத்தில் இருக்கும், பெட்டியின் அடி 75-இல் இருக்கும். பெட்டியில் ஓட்டை இருந்தால் உங்கள் எல்லை 75-தான். அதிலும் ஓடும்போது வண்டிக்கு முன்னால் எழும் அலைக்கு ஒரு சாண் கழித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிகள் சொல்லும் கணக்கும் இருக்கிறது. 2020-இல் வந்த தாருக்கு 650 மி.மீ., கம்பெனியிலிருந்தே ஸ்னார்க்கலோடு வரும் ஃபோர்ஸ் குர்க்காவுக்கு 700 மி.மீ. என்று அறிவித்தார்கள். இவை மெதுவாகப் போகும்போது, தேங்கிய தண்ணீரில், புது வண்டிக்கு. எட்டு வருடம் கொழுக்குமலைக் கல்லில் குலுங்கிய வண்டிக்கு இந்த எண்ணைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

அளந்ததும் உங்கள் எல்லை உயரத்தில், கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டிவையுங்கள். கூடவே அந்த உயரம் உங்கள் காலில் எங்கே வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முழங்காலுக்கு மேல் நான்கு விரல். ஓடையில் இறங்கி நடந்து பார்க்கும்போது இந்த அளவுதான் உதவும்.

படி 2: காதுகளைக் கண்டுபிடியுங்கள்

தண்ணீர் நுழையும் இடங்களை, நான் பார்த்த வரிசையில் சொல்கிறேன். பெட்டியின் அடியில் உள்ள வடிகால் ஓட்டை முதலில் வரும். அடுத்து, மூடியின் கிளிப்புகள். நான்கில் ஒன்று உடைந்திருக்கும், சர்வீஸ் பையன் மூன்றை மாட்டிவிட்டுப் போயிருப்பான். அப்புறம் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள ரப்பர் பட்டை, காய்ந்து இறுகிப்போயிருக்கும். ஹோஸின் மடிப்புகளில் உள்ள வெடிப்பு மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையால் விரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஸ்னார்க்கல் மட்கார்டைத் துளைத்து உள்ளே வரும் இணைப்பு, ஃபில்டருக்கு அப்புறம் இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப், டர்போ வண்டியானால், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்கள். கடைசியாக, சில வண்டிகளில் பெட்டியின் அடியில் வாத்து அலகு போலத் தொங்கும் ரப்பர் வால்வு. இன்ஜின் உறிஞ்சும்போது அதன் உதடுகள் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் லேசாகப் பிரிந்து தூசியைக் கொட்டும். நடுவில் ஒரு தேயிலைச் சருகு சிக்கினால் போதும், மூடாது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள்.

முதலாவது காகிதச் சோதனை. செலவே இல்லை. இன்ஜினை நிறுத்தி, ஃபில்டரை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் பழைய தினத்தாளை மடித்து நாலா பக்கமும் பரப்பி மூடுங்கள். தோட்டத்து ஹோஸ் கொண்டு பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் இரண்டு நிமிடம் தண்ணீர் அடியுங்கள். மேல் வாய்க்குள் மட்டும் அடிக்க வேண்டாம். திறந்து பாருங்கள். தாளில் எங்கே நனைந்திருக்கிறதோ அதற்கு நேரே ஓட்டை. என் பெட்டியில் வடிகால் ஓட்டையை அடைத்த பிறகும் ஒரு மூலையில் ஈரம் வந்தது. பிளாஸ்டிக்கில் முடி போல ஒரு கீறல், கண்ணுக்கே தெரியாதது.

இரண்டாவது சோப்புத் தண்ணீர்ச் சோதனை. இன்ஜினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் பிளாஸ்டிக் பை சுற்றிய ரப்பர் பந்தை அமுக்கிக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஸ்னார்க்கல் வாயில் வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வைத்து, சுற்றித் துணி அடையுங்கள். எல்லா இணைப்பிலும் சோப்பு நுரைத் தண்ணீரைத் தெளித்தால், கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். கம்ப்ரசர் காற்றை மட்டும் நேரே விடாதீர்கள், பெட்டி வெடித்துவிடும்.

மூன்றாவதை டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினுக்கு மட்டும் செய்யலாம். மெதுவாக ஓடவிட்டு, ஸ்னார்க்கல் வாயைக் கனமான ரப்பர் ஷீட்டால் மூடுங்கள். உள்ளங்கையால் மூட வேண்டாம், இழுக்கும் வேகம் தோலைக் கன்றச் செய்துவிடும். சில நொடியில் மூச்சுத் திணறி இன்ஜின் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு எங்கிருந்தோ மூச்சு வாங்குகிறது. புது டர்போ வண்டிகளில் இப்படிச் செய்தால் ஹோஸ் உள்ளே சப்பிக்கொள்ளும், சென்சார் விளக்கு எரியும். அவற்றுக்கு முதல் இரண்டே போதும்.

படி 3: அடையுங்கள்

வடிகால் ஓட்டைக்குக் கழற்றி மாட்டக்கூடிய ரப்பர் அடைப்பான் அல்லது ரப்பர் வாஷரோடு போல்ட்டு நட்டு. நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். வாய் முன்பக்கம் பார்த்திருக்கும் ஸ்னார்க்கல் வழியாக மழைத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும்; அது வெளியேற வழி வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடைப்பானை உருவிப் பாருங்கள். ஸ்னார்க்கலில் தனி வடிகால் இல்லையென்றால், உள்ளிருந்து வெளியே மட்டும் விடும் வாத்து அலகு வால்வு போடுவது நல்லது.

மூடியின் ரப்பர் பட்டையில் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். அந்தக் கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறி உப்பி, மூடியே உட்காராது.

இணைப்புகளுக்கு சிலிக்கான் பசை வாங்கும்போது ஒரு விஷயம். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும் பசை பாத்ரூம் டைல்ஸுக்கு. அது காயும்போது வரும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும், சென்சாரையும் கெடுக்கும். வினிகர் வாடை இல்லாத, சென்சாருக்குத் தீங்கில்லை என்று டியூபில் போட்டிருப்பதை வாங்குங்கள். பழைய பசையைச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்து, காயவைத்து, அதற்கப்புறம்தான் பூச வேண்டும். ஒரு நாள் முழுக்க வண்டியைத் தொடக் கூடாது. நான்கு மணி நேரத்தில் சவாரி இருக்கிறது என்றால் அந்த வேலையையே ஆரம்பிக்காதீர்கள்.

கிளாம்ப்புகளை மூச்சுப் பிடித்து முறுக்க வேண்டாம், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கழுத்து விரிசல் விடும். அளவாக இறுக்கி, மூன்று நாள் ஓட்டிவிட்டு, மறுபடி அரைச் சுற்று. குறுகலான ஏலத்தோட்டப் பாதையில் ஒரு கிளை ஸ்னார்க்கலை ஓங்கி அடித்தால், அன்று இரவே மட்கார்டு இணைப்பைப் பார்த்துவிடுங்கள். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே கிளாம்ப் நழுவியிருக்கும்.

படி 4: ஸ்னார்க்கல் வேண்டுமா?

பலருக்கு வேண்டாம் என்பேன். வருடத்தில் இரண்டு முறை முழங்கால் ஆழ ஓடையைக் கடப்பவருக்கு, படி 3 ஒழுங்காகச் செய்தாலே போதும். தூசிக்காக என்றால் கதை வேறு. மாசி முதல் சித்திரை வரை முன்னால் ஐந்து ஜீப் போகும் பாதையில், மட்கார்டு உயரத்துக் காற்றும் கூரை உயரத்துக் காற்றும் ஒன்றில்லை. மேலே எடுத்தால் ஃபில்டர் நெடுநாள் வரும். எங்கள் பக்கத்தில் ஸ்னார்க்கலின் மெய்யான பயன் இதுதான் என்பது என் கருத்து.

மாட்டுவதென்றால், உள்விட்டம் கம்பெனிக் குழாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேல். அந்த உயரத்தில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குழாயையும் ஒடுக்கினால் ஏற்றத்தில் கரும்புகை கக்கும். குழாய்க்கடை பிவிசி வாங்கி வீட்டிலேயே செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் பிவிசி இளகும், ஒட்டு விடும். வெளியே செல்லும் துண்டுக்கு வேண்டுமானால் பார்க்கலாம், இன்ஜின் பக்கம் வேண்டாம்.

தலைப்பகுதியைத் திருப்ப முடிந்தால், தூசியில் முன் வண்டிக்குப் பின்னே போகும்போது பின்பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். சுழலும் கிண்ணத் தலை தூசியை நன்றாகப் பிரிக்கும், தண்ணீரைத் தடுக்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கறார். கொழுக்குமலை நிலம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். தமிழ்நாட்டுப் பதிவு எண் என்பதால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். மாட்டுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 5: ஃபில்டரும் சேறும்

தண்ணீர் ஒரே நாளில் கொல்லும். சேறு மாதக்கணக்கில் கொல்லும். பெட்டியின் வாயில் தெறித்த சேறு வெயிலில் காய்ந்து பொடியாகி, அந்தப் பொடியை இன்ஜின் உறிஞ்சுகிறது. மண்ணில் இருக்கும் நுண்மணல் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது. நனைந்தால் காகிதம் ஊறி, காய்ந்தாலும் பழையபடி வராது, துளைகள் விரிந்துவிடும். நனைந்த ஃபில்டருக்கு ஒரே வைத்தியம் புது ஃபில்டர். ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி சீட்டுக்குப் பின்னால் எப்போதும் வையுங்கள். காய்ந்த தூசியானால் மெல்லத் தட்டுங்கள், அப்புறம் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, டயருக்கு அடிப்பதைவிடக் குறைந்த அழுத்தத்தில், ஒரு சாண் தள்ளி நின்று ஊதுங்கள். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் தூசியைக் காகிதத்துக்குள் அறைகிறீர்கள். இருட்டில் உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். இரண்டு மூன்று முறை ஊதியதை அதற்கு மேல் நம்பி ஓட்டுவதில்லை நான். சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் நல்ல சாலைக்கு. மலைப்பாதைக்கு அதில் பாதி.

பழைய மேஜர், கமாண்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆயில் கிண்ண ஏர் கிளீனரில் காற்று கீழே இறங்கி, ஆயிலின் மேல் திரும்பி, கம்பி வலை வழியாக மேலே போகிறது. தூசி ஆயிலில் விழுந்து அடியில் வண்டலாகத் தங்கும். அருமையான ஏற்பாடு, கழுவிக் கழுவிக் காலம் முழுக்க ஓட்டலாம். ஆனால் கிண்ணத்துக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? தண்ணீர் கனம், அடிக்குப் போகும். ஆயில் மேலே எழும்பும். எழும்பிய ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். டீசல் இன்ஜினுக்கு அந்த ஆயிலும் எரிபொருள்தான். சாவியை அணைத்தாலும் நிற்காமல் தானாக வேகம் பிடித்து அலறும். அப்படி நடந்தால் பிரேக்கை முழுக்க மிதித்து, நான்காவது, ஐந்தாவது போன்ற பெரிய கியரைப் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். கை நடுங்கும், ஆனாலும் அதுதான் வழி. அடையாளக் கோட்டுக்கு மேலே ஆயில் ஊற்றினாலும் செங்குத்துச் சரிவில் இதே கதைதான். ஆகவே ஒவ்வொரு ஓடைக்கும் பிறகு கிண்ணத்தைக் கழற்றி, ஆயிலைக் கொட்டி, அடியில் பாருங்கள். பால் கலந்த காபி நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

படி 6: மற்ற மூச்சுக்குழாய்கள்

முன், பின் அச்சுகளின் நடுவில் இருக்கும் கிரவுன், கியர்பாக்ஸ், முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் மேலே பிரீதர் என்ற சின்ன மூச்சுத் துளை உண்டு. ஓடி ஓடிச் சூடான கிரவுன் குளிர்ந்த ஓடைக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை இழுக்கும். டீசல் ஹோஸ் போட்டு எல்லாவற்றையும் பானெட்டுக்குள் உயரத்துக்குக் கொண்டுபோய், நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். அரை நாள் வேலை. ஆயில் டிப்ஸ்டிக் இறுக்கமாக உட்காருகிறதா என்றும் பாருங்கள்.

படி 7: ஓடையைக் கடக்கும்போது

கரையில் பத்து நிமிடம் நில்லுங்கள். வண்டி ஆறட்டும், நீங்களும் பாருங்கள். ஒரு கம்போடு இறங்கி நடந்து, தண்ணீர் உங்கள் அளவுக்கு மேலே வந்தால் திரும்பிவிடுங்கள். நடக்கவே காலை வாரும் வேகம் என்றால் வண்டிக்கும் அங்கே வேலையில்லை. ஜீப்பின் தரைப்பலகை சுமார் ஆறு சதுர மீட்டர். தண்ணீர் அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஐந்நூறு, அறுநூறு கிலோ தூக்கும். முப்பது செ.மீ. ஏறினால், உள்ளே நிறையும்வரை ஒன்றரை டன் வண்டி படகுதான். ஸ்னார்க்கல் அதைப் பிடித்து வைக்காது. தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்பழுப்பாக மாறி, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தால் மேலே எங்கோ கொட்டுகிறது என்று பொருள். தலைக்கு மேலே வெயில் அடித்தாலும் கரையேறுங்கள்.

கிரில்லின் மேல் தார்ப்பாயைக் குறுக்கே கட்டினால் ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் பீறிட்டு வருவது குறையும். கரையேறிய உடனே அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் கொதிக்கும். பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள பழைய வண்டிகளில், ஃபேன் தண்ணீரை வாரி ஏர் கிளீனர் மேலேயே இறைக்கும். இறக்கை வளைந்து ரேடியேட்டரையும் கிழிக்கும். சின்னக் கடப்புக்கு ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அக்கரையில் மாட்டிக்கொள்ளலாம். எங்கள் ஊர் டிரைவர்கள் ஐந்து நிமிடத்தில் செய்வார்கள். எல்லாவற்றையும் ஒரே பெல்ட் சுற்றும் புது வண்டியில் இதை முயல வேண்டாம். எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஃபியூஸை உருவிவிடுங்கள்.

லோ ரேஞ்ச், இரண்டாவது கியர். மெதுவாக இறங்கி, ஆள் நடக்கும் வேகத்தில் சீராகப் போங்கள். முன்னால் ஒரு சின்ன அலை எழும், அதன் பின்னே பள்ளம் விழும். அந்தப் பள்ளத்திலேயே வண்டி நகர வேண்டும். நடுவில் கியர் மாற்றவோ கிளட்ச் மிதிக்கவோ கூடாது. சீறிப் பாய்ந்து தண்ணீரைத் தெறிக்கவிடுவது படம் எடுக்க நன்றாக இருக்கும். அந்த ஒரு தெறிப்பு பானெட்டுக்குள் வந்தால் எல்லா அளவும் வீண்.

படி 8: நடுவில் நின்றுவிட்டால்

செல்ஃபைத் தொடாதீர்கள். சாவியை அணையுங்கள். நான் அன்று அந்த ஒரு முறை அடிக்காமல் இருந்திருந்தால் ராடு தப்பியிருக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். அது உண்மையா, என் வயிற்றெரிச்சலைக் கிளப்பச் சொன்னாரா என்பது வேறு.

கியரை நியூட்ரலில் வைத்துத்தான் இழுக்க வேண்டும். கியரில் வைத்து இழுத்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்றும், அதுவும் செல்ஃப் அடிப்பதும் ஒன்றுதான். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று யாராவது தோள் கொடுக்க வந்தால் கும்பிடு போட்டு நிறுத்துங்கள்.

கரையேறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். ஃபில்டரும் அதற்கு அப்பாலுள்ள ஹோஸும் காய்ந்திருந்தால், பெரும்பாலும் எலக்ட்ரிக் கோளாறு, மூச்சு விடலாம். ஹோஸின் உட்புறம் ஈரம் என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டீசலில் நான்கு இன்ஜெக்டரையும் கழற்ற வேண்டும். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகள். புது வகையான காமன் ரயில் டீசலில் வழியோரத்தில் இன்ஜெக்டரைத் தொடாதீர்கள், ஒரு துகள் மண் போனாலும் செலவு பெரிது. சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைக் கழற்றத் தெரிந்தால் அதைக் கழற்றுங்கள், இல்லையேல் வண்டியை ஏற்றி அனுப்புங்கள். எரிபொருள் வராதபடி ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டுங்கள் அல்லது பம்ப் ஃபியூஸை எடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, கையால் இரண்டு முழுச் சுற்று. எல்லா சிலிண்டரும் ஒரு முறை அமுக்கி முடிய இரண்டு சுற்று வேண்டும். எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், மிச்சத்தை மெக்கானிக் பார்க்கட்டும். லகுவாகச் சுற்றினால் பேட்டரியை மாட்டி, சில நொடி செல்ஃப். துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், குனிந்து பார்க்காதீர்கள்.

இந்த நிலையிலேயே ராடு வளைந்ததா என்றும் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, துளை வழியாக ஒரு நேரான கம்பியை விட்டு, அடையாளம் போட்டு ஒப்பிடுங்கள். நான்கில் ஒன்று மட்டும் தாழ்வாக நின்றால் அந்த ராடு வளைந்துவிட்டது. ஓட்டினால் ஓடும், கொஞ்ச நாளில் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

எல்லாம் சரி என்றால், சிலிண்டருக்குச் சில சொட்டு இன்ஜின் ஆயில், இன்ஜெக்டருக்குப் புது செம்பு வாஷர், இன்ஜின் ஆயில் மாற்றம், புது ஃபில்டர். டர்போ வண்டியில் இன்டர்கூலரையும் கழற்றிக் கவிழ்க்க வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். இதை எல்லாம் அன்றே செய்யுங்கள். ஒரு இரவு விட்டாலும் சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கத் தொடங்கும். ஓட ஆரம்பித்து ஓரிரு நாளில் ஆயிலை இன்னொரு முறை மாற்றுங்கள்.

இன்ஷூரன்ஸையும் இப்போதே பார்த்துவையுங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பொதுவாகப் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்திருந்தாலும், தண்ணீரில் நின்ற பிறகு செல்ஃப் அடித்ததால் கெட்டது என்று சர்வேயர் எழுதினால் பிரச்சினைதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய மூணாறே மூழ்கியது. ஓடைப் பக்கமே போகாத வண்டிக்கும் இது தேவைப்படலாம்.

படி 9: வீடு திரும்பியதும்

பிரஷர் வாட்டரை மட்கார்டுக்கு அடியிலிருந்து பெட்டியை நோக்கி அடிக்காதீர்கள். ஓடையில் தப்பித்த வண்டியை வாட்டர் சர்வீஸில் கெடுத்தவர்கள் உண்டு. முதலில் சேறு காயுமுன் பெட்டியின் வெளிப்பக்கத்தையும் ரேடியேட்டரையும் சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். வாத்து அலகு வால்வை விரலால் அமுக்கிப் பிசைந்து விடுங்கள். அப்புறம் மூடியைத் திறந்து, ஃபில்டருக்கு அப்பால், இன்ஜின் பக்கத்துக் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் சுற்றித் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வர வேண்டும். லேசாகச் செம்மண் ஒட்டினாலும் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு எங்கோ காற்று போகிறது. படி 2-க்குத் திரும்பிப் போங்கள். நான் இதற்கென்றே பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, துண்டுகளை டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன். போன வாரம் எடுத்த துண்டின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. நாளைக் காலை மூடியின் ரப்பர் பட்டையை மாற்ற வேண்டும்.